துருப்பிடித்த பத்மினிக்கு ஃப்ளோரும் சில்லும் மாற்ற: வெல்டிங் புதிதாகக் கற்பவர்களுக்கு

பழைய பிரீமியர் பத்மினி கார் ஒன்று வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் இன்ஜினைக் கிளப்பிப் பார்க்கத்தான் ஓடுவார்கள். அதற்கு முன்னால் முன் சீட்டைக் கழற்றி ரப்பர் மேட்டைத் தூக்குங்கள். அடியில் சணல் ஃபெல்ட் இருக்கும். முன் கண்ணாடி ரப்பர் வழியாக ஒழுகும் தண்ணீரும் செருப்போடு ஏறும் மழைத் தண்ணீரும் அந்தச் சணலில் ஊறித்தான் நிற்கும். மேலே மேட் காய்ந்து கிடக்கும், கீழே தகடு மாதக்கணக்கில் ஈரத்தில் இருக்கும். வேலூர் வெயிலில் நின்ற வண்டி துருப்பிடிக்காது என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. கடலோர வண்டியைவிடத் தேவலை, அவ்வளவுதான். வெயில் மேட்டுக்கு அடியில் போவதில்லை.

பார்ப்பதற்கு ஒரு பழைய ஸ்குரூ டிரைவரும் ஒரு காந்தமும் போதும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், அதன் இரு முனைகள், ஜாக்கி வைக்கும் இடம், முன் ஃப்ளோரின் மூலைகள், டிக்கியில் ஸ்டெப்னி படுக்கும் குழி, பேட்டரித் தட்டு, பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம் ஆகியவற்றை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டங்' என்று சொல்லும். அழுகிய தகடும் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) பூசிய தகடும் மொத்தையாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் காந்தம் ஒட்டவில்லை என்றால் உள்ளே பட்டிதான். வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவு கொப்பளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும் என்றே கணக்கு வையுங்கள்.

சில் ஏன் இவ்வளவு முக்கியம்? பத்மினிக்கும் அம்பாசடருக்கும் தனியாகச் சேசிஸ் கிடையாது. ஃப்ளோர், சில், கூரையைத் தாங்கும் பில்லர், கூரை எல்லாம் சேர்ந்த பெட்டிதான் வண்டியின் பாரத்தைச் சுமக்கிறது. சில் அழுகிய வண்டியை ஜாக்கியில் தூக்கினால் கதவு மூடாமல் போவது அதனால்தான். ஸ்டாண்டர்டு ஹெரால்டு கதை வேறு. அதற்குத் தனிச் சேசிஸ் உண்டு, பாடியைக் கழற்றியே வைத்துவிடலாம். இந்தக் கட்டுரை பத்மினி மாதிரி வண்டிக்கானது.

ஒரு எல்லையை இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் மாட்டும் இடம், ஸ்டீயரிங் பாக்ஸ் மாட்டும் இடம், முன் சஸ்பென்ஷன் பிடிக்கும் மெம்பர் ஆகிய மூன்றிலும் துரு இருந்தால் அங்கே புதியவர் கை வைக்கக் கூடாது. அனுபவமுள்ள டிங்கரிடம் விடுங்கள். ஃப்ளோரில் தப்பு செய்தால் காலில் தண்ணீர் தெறிக்கும், ஸ்டீயரிங் மவுண்டில் தப்பு செய்தால் உயிர் போகும்.

மெஷின், ஒயர், கேஸ்

கார்த் தகடு ஏறக்குறைய 0.9 மி.மீ., கடைக் கணக்கில் 20 கேஜ். கேட்டும் கிரில்லும் அடிக்கும் பட்டறையில் இருக்கும் ராடு வெல்டிங் இதற்கு ஆகாது. 2.5 மி.மீ. ராடு பற்றவைத்த மாத்திரத்தில் ஓட்டை விழும். அந்தக் காலத்து டிங்கர்கள் கேஸ் வெல்டிங்கில் அழகாகச் செய்தார்கள், ஆனால் அந்தக் கை வர வருடங்கள் ஆகும், தகடும் அகலமாகச் சூடாகி நெளியும். புதியவருக்கு ஏற்றது மிக் மெஷின், நம் பக்கத்தில் சிஓ2 மெஷின் என்பார்கள். சிங்கிள் ஃபேஸில் ஓடும் இன்வெர்ட்டர் வகை போதும். பெரிய ஆம்பியர் தேடாதீர்கள். எவ்வளவு கீழே இறங்கும் என்று கேளுங்கள். 40 ஆம்பியரில் நின்று எரியாத மெஷின் இந்த வேலைக்கு உதவாது. வீட்டில் 15 ஆம்ப் பவர் பாயிண்டிலிருந்து எடுங்கள், எக்ஸ்டென்ஷன் ஒயர் நீளமாக வேண்டாம். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் காலையில் சரியாக வைத்த செட்டிங் மாலையில் திக்கும்.

ஒயர் 0.8 மி.மீ., இஆர்70எஸ்-6 வகை. 1 கிலோ சுருளே வாங்குங்கள். அதில் ஏறக்குறைய 250 மீட்டர் இருக்கும். நிமிடத்துக்கு மூன்றரை மீட்டர் ஓடினால் 70 நிமிடத்துக்குமேல் எரியும், ஒரு நொடி எரித்து விடும் ஒவ்வொரு வெல்டுப் பொட்டையும் ஒரு 'தட்டு' என்று கணக்கிட்டால் நாலாயிரம் தட்டுக்குமேல் வரும். 5 கிலோ வாங்கி வைத்தால் ஐப்பசி மழைக்குள் ஒயரே துருப்பிடித்து, அது ஓடும் உள்குழாயான லைனரில் சிக்கத் தொடங்கும். வேலை முடிந்ததும் சுருளை எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வையுங்கள்.

கேஸுக்கு வெறும் சிஓ2 போதும். ஆர்கன் கலந்தது கிடைத்தால் இன்னும் மென்மையாக எரியும், தெறிப்பு குறையும், செலவு கூடும். சிப்காட், பெல் (பிஎச்இஎல்) பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் நிறைய இருப்பதால் ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஒயருக்கும் கேஸுக்கும் அலைய வேண்டியதில்லை. சிஓ2 சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அதனால் அழுத்த மீட்டர் கடைசிவரை ஒரே இடத்தில் நின்றுவிட்டுத் திடீரென்று விழும். எவ்வளவு மிச்சம் என்பதை எடை போட்டுத்தான் அறிய வேண்டும். 31 டிகிரிக்குமேல் அது திரவமாகவே நிற்காது, அழுத்தம் ஏறும். நம் சித்திரை வெயிலில் சிலிண்டரை வெளியே விடாதீர்கள். நிற்க வைத்துச் சங்கிலியால் கட்டுங்கள். ஓட்டம் நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர். வியர்க்கிறதென்று ஃபேனைத் திருப்பி வைத்தால் அந்தக் காற்றே கேஸை ஊதித் தள்ளிவிடும், வெல்டு பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். ஃபேன் உங்கள் முதுகுக்கு, ஒயரும் கேஸும் வெளிவரும் வெல்டிங் டார்ச்சுக்கு அல்ல.

புது மெஷின் 'பட் பட்' என்று தெறித்துக்கொண்டே இருந்தால் முதலில் உள்ளே போலாரிட்டியைப் பாருங்கள். கேஸ் இல்லாமல் ஓடும் ஒயருக்கு ஏற்ப மாட்டி அனுப்பியிருப்பார்கள். கேஸோடு ஓடும் கெட்டி ஒயருக்கு டார்ச் பாசிட்டிவில், எர்த் கிளாம்ப் நெகட்டிவில் இருக்க வேண்டும். மெஷின் கெட்டது என்று திருப்பிக் கொடுக்கும் பலருக்கும் இதுதான் விஷயம்.

தகடு எங்கே கிடைக்கும்

பீரோ பட்டறையில். பீரோ செய்வதும் சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய) தகட்டில்தான், 20 கேஜும் 22 கேஜும் அங்கே எப்போதும் இருக்கும், வளைக்கிற மெஷினும் இருக்கும். அட்டையில் வெட்டிய அளவைக் கொண்டுபோய்க் காட்டினால் நேர் மடிப்புகளை ஐந்து நிமிடத்தில் போட்டுத் தருவார்கள். ஜி.ஐ. தகடு மட்டும் வேண்டாம். துருப்பிடிக்காதே என்று ஆசை வரும், ஆனால் மேலே இருக்கும் துத்தநாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் அன்று இரவே குளிர்க்காய்ச்சல் மாதிரி நடுக்கும், வெல்டும் பிடிக்காது.

கேஜைக் கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். வெட்டியெடுத்த பழைய தகட்டில் துரு தொடாத ஓரத்தை வெர்னியரில் அளந்து அதே கனத்தில் வாங்குங்கள். கனமாகப் போட்டால் பலம் என்று 16 கேஜ் போடுகிறவர்கள் உண்டு. பக்கத்துத் தகடு மெல்லியதாக இருப்பதால் கனத் தகடு உருகுவதற்குள் மெல்லியது ஓடிப்போகும். சில்லுக்கும் வளைவான பகுதிகளுக்கும் சென்னையில் பழைய கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையில் விசாரிக்கலாம். கிடைப்பதை வண்டியில் வைத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள், முனைகளில் அரை அங்குலம்கூட ஒத்துப்போகாததும் வரும்.

வண்டியைத் தொடும் முன் ஐம்பது துண்டு

நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலமாக 20 கேஜ் துண்டுகள் ஐம்பது வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு வாரச் சாயங்காலங்கள் இதற்கே. அரசு ஐடிஐயில் வெல்டர் பிரிவு முடித்தவர், பாய்லர் வேலை பார்த்தவர் பக்கத்தில் இருந்தால் டார்ச் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அவர் சொல்லும் சூட்டை அப்படியே எடுக்க வேண்டாம். அரை அங்குலப் பிளேட்டில் பழகிய கை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போகும். கார்த் தகட்டில் நிறுத்தி நிறுத்திப் போவதுதான் வேலையே.

தொடக்கத்துக்கு 16 முதல் 17 வோல்ட், 40 முதல் 55 ஆம்பியர். மெஷினில் காட்டும் எண்ணை வேதமாகக் கொள்ளாதீர்கள், துண்டில் போட்டுப் பார்த்துத் திருத்துங்கள். ஒயர் டார்ச் முனையான டிப்பிலிருந்து 8 முதல் 10 மி.மீ. நீண்டிருக்கட்டும். ஒயர் தகட்டில் முட்டி டார்ச்சைப் பின்னுக்குத் தள்ளினால் ஒயர் வேகம் அதிகம். உருகி உருண்டையாகி டிப்பில் போய் ஒட்டினால் வேகம் குறைவு. சரியாக அமைந்தால் எண்ணெயில் கடுகு சீராகப் பொரிவது போன்ற சத்தம் வரும்.

முதல் இருபது துண்டில் ஓரத்தோடு ஓரம் சேர்க்கும் வெல்டு. இரு தகடுக்கும் இடையே ஒயர் கனம், அதாவது 0.8 மி.மீ. இடைவெளி விடுங்கள். இடைவெளியே இல்லாமல் ஒட்டி வைத்தால் சூட்டில் விரிந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும், உருக்கும் அடிவரை இறங்காது. 2 மி.மீ. விட்டால் ஓட்டை விழும். ஒரு நொடி அழுத்தி விடுங்கள். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் சிறு மணி போல உருகி இறங்கியிருக்க வேண்டும். மேலே குமிழாக மட்டும் உட்கார்ந்திருந்தால் அது வெல்டு இல்லை, ஒட்டுப் பொட்டு. கிரைண்டர் வைத்ததும் போய்விடும்.

சோதனை எளிது. துண்டை வைஸில் கடித்து வெல்டு ஓரமாக மடக்கி, நிமிர்த்தி, மறுபடி மடக்குங்கள். பக்கத்துத் தகடு கிழிந்தால் தேறிவிட்டீர்கள். வெல்டே பிளந்தால் அடுத்த துண்டு.

மீதி முப்பதில் பிளக் வெல்டு. கம்பெனியில் ஸ்பாட் வெல்டு அடித்த இடங்களில் நாம் போடுவது இது. மேல் தகட்டில் இரண்டரை நூல் அளவு, அதாவது 8 மி.மீ. ஓட்டை போட்டு, கீழ்த் தகடோடு வைஸ்கிரிப்பில் இறுக்கி, ஓட்டையின் நடுவில் கீழ்த் தகட்டில் தொடங்கி வெளிப்பக்கமாகச் சுற்றி நிரப்ப வேண்டும். இரண்டு தகடு என்பதால் 70, 80 ஆம்பியர் வரை ஏற்றலாம். ஓட்டை ஓரத்தில் தொடங்கினால் மேல் தகடு மட்டும் உருகி, பார்க்க அழகாக, கீழே பிடிக்காமல் நிற்கும். உளியால் பிரித்துப் பாருங்கள். கீழ்த் தகட்டிலிருந்து வட்டமாகப் பிய்த்துக்கொண்டு வந்தால் சரி.

கண், புகை, நெருப்பு

ஆட்டோ டார்க் ஹெல்மெட், தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, ஷூ. பாலியஸ்டர் லுங்கியும் செருப்பும் கூடாது. வெறும் கண்ணால் ஆர்க்கை (வெல்டிங் ஒளியை) பார்த்தால் உடனே ஒன்றும் தெரியாது, நடுராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரியும். ஆளாளுக்குச் சொல்லும் கைவைத்தியம் எதையும் கண்ணில் விடாமல் கண் மருத்துவரிடம் போங்கள். வேலூரில் ஆரணி ரோட்டில் சிஎம்சியின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது.

தகட்டைத் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பயன்படுத்தாதீர்கள். ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு வரும்.

வண்டியில் பேட்டரியைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்கையே இறக்கி வேறு இடத்தில் வையுங்கள், சீட், மேட், ஃபெல்ட் எல்லாம் வெளியே. வெல்டு போடும் இடத்துக்குப் பின்னால் ஓடும் ஒயரிங்கையும் பிரேக் பைப்பையும் கையால் தொட்டு உறுதிசெய்த பிறகே டார்ச்சை எடுங்கள். கண்ணாடிமேல் ஈரச் சாக்கு போடுங்கள். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிடும், துடைத்தால் போகாது. அடியில் பூசிய தாரை வெல்டு வரும் இடத்தைச் சுற்றி நாலு அங்குலத்துக்குச் சுரண்டி எடுங்கள். அது கொழுந்துவிட்டு எரியாது, கனன்றுகொண்டே கிடந்து நீங்கள் சாப்பிடப் போனதும் பற்றும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் வண்டியை விட்டு நகராதீர்கள், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் தீயணைப்பானும் இருக்கட்டும்.

ஃப்ளோரில் முதல் ஒட்டு

புதியவர் ஃப்ளோரில்தான் தொடங்க வேண்டும். மேட் மூடிவிடும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

புதுத் துண்டை முதலில் வெட்டுங்கள், பழைய தகட்டைப் பிறகு. துருவைச் சுற்றி ஒரு அங்குலம் நல்ல தகடு வரை சேர்த்து அட்டையில் அளவெடுத்துத் தகட்டை வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். கூர்மூலையில் சூடு குவியும், விரிசலும் அங்கேதான் தொடங்கும். துண்டை ஃப்ளோர்மேல் வைத்து ஊசியால் சுற்றிக் கோடு கிழித்து, அந்தக் கோட்டுக்கு உட்புறமாக 1 மி.மீ. கனமுள்ள கட்டிங் வீலால் வெட்டி, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். கைவிட்டால் துண்டு தானாக ஓட்டையில் உட்கார வேண்டும். தட்டி நுழைத்த துண்டு வெல்டு போட்டதும் உப்பும். இந்த உட்கார வைக்கும் வேலைக்கு இரண்டு மணி நேரம் போனால் வெல்டுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம். அவசரப்பட்டு 3 மி.மீ. இடைவெளி விட்டவர் அதை நிரப்பப் போராடியே தகட்டைக் கெடுப்பார்.

பழைய ஃப்ளோரில் வரி வரியாகக் குழி ஓடும். அது அழகுக்கு அல்ல, தகடு 'டொப் டொப்' என்று உள்வாங்காமல் இருக்கத்தான். பெரிய துண்டாக இருந்தால் இரண்டு ஆங்கிளுக்கு நடுவே இடைவெளி விட்டு, மேலே தகடும் அதன்மேல் உருட்டுக் கம்பியும் வைத்துத் தட்டி அந்தக் குழியைப் போட்ட பிறகே அளவெடுத்து வெட்டுங்கள். தட்டும்போது தகடு சுருங்கும்.

இரு பக்கமும் ஒரு அங்குலத்துக்குப் பெயிண்டும் துருவும் இல்லாமல் வெள்ளி மாதிரி மின்ன வேண்டும், அடிப்பக்கமும் சேர்த்து. எர்த் கிளாம்பைப் பக்கத்திலேயே சுத்தமான இரும்பில் கடியுங்கள்.

இனித் தட்டுகள். நாலு பக்கத்தின் நடுவிலும் ஒவ்வொன்று. பிறகு மூலைகள். பிறகு ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் ஒன்று என்று, தட்டுகளுக்கு இடையே ஒரு அங்குலம் வரும்வரை. ஒவ்வொரு தட்டுக்கும் எதிர்ப்பக்கம் தாவுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி ஒட்டு என்றால் சுற்றளவு நாலு அடி, ஒரு தட்டு 5 மி.மீ. பிடிக்கும், மொத்தம் ஏறக்குறைய 240 தட்டு. ஐந்து தட்டுக்கு ஒருமுறை நிறுத்தி, வெல்டு பக்கத்தில் விரலை வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் காத்திருங்கள். ஈரத் துணி வைத்துக் குளிர வைக்காதீர்கள், உடனே இழுத்து நெளிக்கும். வெல்டு ஆறும்போது சுருங்கும், அதுதான் தகட்டை இழுக்கிறது. சூடு பரவாமல் இருந்தால் இழுப்பும் குறைவு. பொறுமையில்லாமல் இரண்டு அங்குலம் ஒரே இழுப்பாக இழுத்த இடம் அப்பளம் மாதிரி அலையடிக்கும், பிறகு பட்டியால்தான் மறைக்க வேண்டும். நீங்கள் வண்டி வாங்கியபோது சுரண்டி எடுத்த அதே பட்டி.

ஓட்டை விழுந்தால் அங்கேயே நின்று நிரப்பப் பார்க்காதீர்கள். ஆறவிட்டு, பின்பக்கம் ஒரு செம்புப் பட்டையை அழுத்திப் பிடித்து, ஓட்டையின் ஓரத்திலிருந்து அரை நொடித் தட்டுகளாக மூடுங்கள். செம்பில் வெல்டு ஒட்டாது, சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். பழைய எலெக்ட்ரிகல் சாமான் கடையில் பஸ்பார் துண்டு எடைக்குக் கிடைக்கும்.

வெல்டை மட்டும் தேயுங்கள், தகட்டை அல்ல. 60 நம்பர் ஃப்ளாப் டிஸ்க், தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். தகடு நீலமாக மாறினால் கிரைண்டரே நெளித்துவிடும். இருட்டிய பிறகு அடியில் ஒரு பல்பை வைத்து மேலிருந்து பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் இன்னொரு தட்டு.

சில்: வெட்டும் முன் கட்டு

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். வண்டி பாரம் சக்கரத்தில் இருப்பது போலவே ஸ்டாண்டுகளை சஸ்பென்ஷனுக்கு அடியில் வைத்து, ரசமட்டம் பாருங்கள். பாடியின் நடுவில் ஜாக்கி கொடுத்துக்கொண்டு சில்லை வெட்டினால் வண்டி வளைந்த நிலையிலேயே வெல்டாகிவிடும். கதவுகளை மூடி இடைவெளியைப் பல இடங்களில் அளந்து எழுதி வையுங்கள். பிறகு கதவைக் கழற்றி, கதவுவாயில் முன் பில்லருக்கும் நடுப் பில்லருக்கும் இடையே ஒரு அங்குலச் சதுரப் பைப்பைக் கிடையாகவும் மூலைவிட்டமாகவும் தட்டு வெல்டு போட்டுக் கட்டுங்கள். பின் கதவுக்கும் அப்படியே. பைப்பைக் கதவு மூடும் வழியில் போடாமல் சற்று உட்புறமாகப் போட்டால் நடுவில் கதவை மாட்டிப் பார்க்கலாம். இந்தக் கட்டு இல்லாமல் வெட்டிய வண்டியில் கதவுவாய் அரை அங்குலம் சுருங்குவது சகஜம், அதைத் திரும்ப விரிக்க வழியில்லை.

ஒயர் பிரஷ்ஷால் ஓரத்தைத் தேய்த்தால் கம்பெனி ஸ்பாட் வெல்டுகள் வட்ட வட்டக் குழியாகத் தெரியும். ஸ்பாட் கட்டரால் மேல் தகட்டை மட்டும் வெட்டி, மெல்லிய உளியால் பிரியுங்கள். வெளிச் சில்லை எடுத்ததும் உள்ளே மண்ணும் துருப்பொடியும் கிலோக் கணக்கில் கொட்டும். உள் சில் நன்றாக இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் அதை முதலில் மாற்றி முடித்துவிட்டே வெளிச் சில்லுக்கு வர வேண்டும்.

புது சில்லின் ஓரத்தில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றாகப் பிளக் ஓட்டை போடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படியும் முகங்களுக்கு வெல்டு போடக்கூடிய துத்தநாக பிரைமர் அடித்து, ஓட்டை வரும் இடத்தில் மட்டும் சுரண்டுங்கள். வைஸ்கிரிப்பும் ஸ்குரூவும் போட்டு நிறுத்தி, கதவை மாட்டி மூடிப் பாருங்கள். இடைவெளி ஒன்றரை நூல் அளவில் சீராக வரும்வரை ஒரு பொட்டு வெல்டும் போட வேண்டாம். வந்ததும் நடுவில் தொடங்கி இரு முனைக்கும் மாறி மாறிப் போங்கள். பத்துப் பிளக்குக்கு ஒருமுறை கதவை மூடிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. 2021இல் வந்த மத்திய விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதிய வேண்டுமானால் சேசிஸ், பாடி ஷெல், இன்ஜினில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்த எண்ணம் இருப்பவர்கள் பழைய வடிவம் மாறாமல் தகடு போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். சேசிஸ் நம்பர் குத்திய இடத்தில் எக்காரணம் கொண்டும் கிரைண்டர் படக் கூடாது.

மூடும் வேலை

தேய்த்த இரும்பை ஒரு ராத்திரிகூட வெறுமையாக விடாதீர்கள். கார்த்திகை மாதத்தில் காலையில் வந்து பார்த்தால் மஞ்சளாகப் பூத்திருக்கும். அன்றன்றைக்கு வேலை முடிந்த இடத்துக்கு அன்றைக்கே எபாக்சி பிரைமர், பிறகு இணைப்புகளில் மேலும் கீழும் சீம் சீலர், அது காய்ந்த பிறகே அடியில் தார்ப் பூச்சு. பட்டி தண்ணீரை உறிஞ்சும், எனவே அதை வெறும் இரும்பில் பூசாமல் பிரைமருக்கு மேல் பூசுங்கள். பெயிண்ட் எல்லாம் முடிந்து சூடு படும் வேலை எதுவும் இல்லை என்றானபின் சில்லுக்குள் மெல்லிய குழாய் விட்டு மெழுகு அடியுங்கள். பழைய இன்ஜின் ஆயில் அடிக்கச் சொல்வார்கள். ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும், ஷெட் தரையெல்லாம் சொட்டும்.

சில்லின் அடியில் பழையதில் எங்கெங்கே தண்ணீர் வடியும் ஓட்டை இருந்ததோ அங்கெல்லாம் புதியதிலும் போட்டிருக்கிறீர்களா, சீலரும் மெழுகும் அதை அடைத்துவிடவில்லையா என்று கம்பி விட்டுப் பாருங்கள். முதல் மழைக்கு மறுநாள் காலை மேட்டைத் தூக்கி ஃப்ளோரைக் கையால் தடவுங்கள். ஈரம் இருந்தால் கண்ணாடி ரப்பரை மாற்றுங்கள். அந்தச் சணல் ஃபெல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள்.